சுயேச்சை என்னும் சொல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் மேடையில் தேர்தலைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா அவையிலுள்ள சிலர் உள்ளத்திலேனும் எழக்கூடும். கட்சி அரசியல் இம்மேடைக்கு உரியதன்று. இன்றைய உரையும் கட்சிகளைப் பற்றியதன்று. கட்சி எதனையும் சாராமல், சட்டமன்றத் தேர்தலில் தம் பெயரை மட்டும் நம்பித் தனித்து நிற்கின்ற ஒரு மனிதரைப் பற்றியது. சொல்லை ஆள்பவர்கள் கூடியிருக்கும் அவையாதலின், அம்மனிதருக்குத் தமிழ் இட்டிருக்கும் பெயரிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

தமிழில் அவர் 'சுயேச்சை வேட்பாளர்'. அண்டை மொழிகள் அவரை எவ்வாறு அழைக்கின்றன என்று பார்த்தால் இப்பெயரின் தனித்தன்மை விளங்கும். இந்தியில் அவர் 'நிர்தலீய', அதாவது கட்சியற்றவர். அவரிடம் இல்லாததைச் சொல்லி அவரை அடையாளம் காட்டுகிறது அம்மொழி. கன்னடத்தில் 'பக்ஷேதர', கட்சிகளுக்கு வேறானவர், புறம்பே நிற்பவர். மலையாளமும் தெலுங்கும் 'ஸ்வதந்த்ர' என்னும் சொல்லைக் கொண்டு, எவர்க்கும் அடங்காதவர் என்று சற்று மதிப்போடு அழைக்கின்றன. தமிழோ அவரிடம் இருக்கும் ஒன்றைச் சொல்லி அழைக்கிறது. சுய இச்சை சுயேச்சை ஆயிற்று. தன் விருப்பம் என்பதே அதன் பொருள். வடசொல்தான், ஆயினும் தமிழ் வாயில் நெடுங்காலம் புழங்கி, 'பிள்ளை சுயேச்சையாகத் திரிகிறான்' என்று வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்ளும் அளவுக்கு ஊறிப்போன சொல். கடிந்துரைக்கும் அந்தத் தொனி தேர்தல் மேடைக்கும் அதனோடு கூடவே வந்துவிட்டது.

அடுத்த சொல்லான 'வேட்பாளர்' என்பதையும் பிரித்துப் பார்த்தல் வேண்டும். வேட்பு என்பது விருப்பம். வேட்பாளர் விருப்பம் உடையவர். எனவே சுயேச்சை வேட்பாளர் என்னும் தொடரில் விருப்பம் இரண்டு முறை வருகிறது. ஒரே பொருளைக் குறிக்கும் இரு சொற்கள் அடுத்தடுத்து வந்தால் கவிஞர்கள் ஒன்றை வெட்டிவிடுவார்கள். இங்கு வெட்ட இயலாது. கட்சி வேட்பாளருக்கு விருப்பம் அவருடையதாக இருந்தாலும், அதனை ஏற்பதும் மறுப்பதும் கட்சித் தலைமையின் கையில் உள்ளன. விருப்ப மனு, நேர்காணல், பட்டியல், அப்பட்டியலில் கடைசி நேரத் திருத்தம் என்று பல படிகள் ஏறிய பிறகே அவர் வேட்பாளர் ஆகிறார். சுயேச்சைக்கு அப்படிகள் இல்லை. விரும்புவதும் அவரே, அவ்விருப்பத்தை ஏற்பதும் அவரே.

பழந்தமிழகத்தின் குடவோலை முறையை இவ்விடத்தில் நினைத்துப் பார்ப்பது பயன்தரும். முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. நிலம், சொந்த மனை, அகவை, கல்வி ஆகிய தகுதிகளை அவை வரையறுக்கின்றன. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்குகின்றன. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பெற்றுக் குடத்தில் இடப்பட, ஒரு சிறுவன் கைவிட்டு எடுத்தான். அம்முறையைத் தமிழரின் மக்களாட்சிக்குச் சான்றாகக் காட்டுவது மேடை வழக்கம். ஆனால் அங்கு எவரும் முன்வந்து தமக்கு வேண்டும் என்று கேட்டதாகத் தெரியவில்லை. விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. தகுதியும் திருவுளமும் மட்டுமே இருந்தன. அதற்கும் பன்னூறு ஆண்டுகள் முற்பட்ட அகநானூற்றில், மருதன் இளநாகனாரின் எழுபத்தேழாம் பாடலில், குடத்தின் பொறியை நீக்கி ஓலையை வெளியே எடுக்கும் மாந்தர் உவமையாக வருகின்றனர். அவ்வுவமை வந்து அமரும் இடம் போர்க்களம். வீழ்ந்துபட்ட வீரர்களின் குடரைப் பருந்துகள் இழுக்கும் காட்சி. தேர்தலைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று இத்தகையது என்பதைத் தோற்ற வேட்பாளர்கள் அறிந்தால் ஒருவேளை ஆறுதல் கொள்வார்கள்.

இன்றைய முறையில் ஒருவர் சுயேச்சையாக நிற்பதற்கு வேண்டுவன மிகச் சிலவே. இருபத்தைந்து வயது நிரம்பியிருத்தல் வேண்டும். அம்மாநிலத்தின் ஏதேனும் ஒரு தொகுதியில் வாக்காளராகப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். நிற்கும் தொகுதியிலேயே வாக்கு இருக்கவேண்டும் என்பதில்லை. வேட்புமனுவும் காப்புத்தொகையும் தருதல் வேண்டும். மக்கள் அத்தொகையை டெபாசிட் என்றே சொல்வர். பதிவான செல்லத்தக்க வாக்குகளுள் ஆறில் ஒரு பங்கினைப் பெறாவிடில் அது அரசுக் கருவூலத்துக்குப் போய்விடும். இவற்றோடு, அரசியலமைப்பின்பால் உண்மையான பற்று உடையவராக இருப்பதாகத் தேர்தல் அலுவலர் முன்னிலையில் அவர் உறுதிமொழி கூறுதல் வேண்டும். நாளை முதலமைச்சராகப் போகிறவர் வேட்பாளராக நின்று சொல்வதும், நாளை மறுநாள் எவர் நினைவிலும் இல்லாமற்போகும் சுயேச்சை சொல்வதும் அதே சொற்களைத்தான். ஒரு சொல் கூடுதலுமில்லை, ஒரு சொல் குறைவுமில்லை.

முதற் பொதுத்தேர்தலில் வாக்குச்சீட்டில் பெயர் அச்சிடும் வழக்கம் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டு, அதன்மேல் அவருடைய சின்னம் ஒட்டப்பட்டிருந்தது. வாக்காளர் சீட்டைத் தமக்கு வேண்டிய பெட்டியில் இடவேண்டும். ஆகவே சுயேச்சைக்கும் ஒரு பெட்டி, பெரிய கட்சிக்கும் அதே அளவுள்ள ஒரு பெட்டி. 1952இல் 375 உறுப்பினர் கொண்ட சென்னைச் சட்டமன்றத்துக்குக் காங்கிரஸ் 152 இடங்களில் மட்டுமே வென்றது; சுயேச்சைகள் 62 இடங்களில் வென்றனர். அவர்களுள் ஒருவர், மலபாரின் கூத்துப்பறம்பிலிருந்து வந்த வழக்கறிஞர் வி. ஆர். கிருஷ்ணய்யர். 1957இல் அவரே கேரளச் சட்டமன்றத்துக்குத் தலைச்சேரியிலிருந்து மீண்டும் சுயேச்சையாக வென்றார். 126 இடங்களுள் கம்யூனிஸ்டுக் கட்சி பெற்றவை 60. அக்கட்சியின் ஆதரவோடு நின்று வென்ற சுயேச்சைகள் ஐவர். அந்த ஐவரின் தோள்மீதுதான் இ. எம். எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவை நின்றது. கிருஷ்ணய்யர் அதில் அமைச்சரானார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியாகிப் பெரும்புகழ் எய்தினார்.

அதே 1957இல் காஞ்சிபுரத்தில் அறிஞர் அண்ணாவும் குளித்தலையில் கலைஞர் மு. கருணாநிதியும் வென்று முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குள் சென்றனர். திராவிட முன்னேற்றக் கழகம் அப்போது தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் பெறாத கட்சி. எனவே தேர்தல் ஏட்டின் கணக்கில் அவர்களும் சுயேச்சைகளே. பத்தாண்டுகளில் ஆட்சியைப் பிடிக்கவிருந்த ஓர் இயக்கம் சட்டமன்ற வாயிலில் முதன்முதலில் பதிந்துகொண்ட பெயர் இச்சொல்தான் என்பது பலர் மறந்துவிட்ட செய்தி.

இலக்கிய உலகிலிருந்தும் ஒருவரைச் சொல்லாமல் போவதற்கில்லை. எழுத்தாளர் ஜெயகாந்தன் 1977ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் சென்னைத் தியாகராய நகரில் சுயேச்சையாக நின்றார். அவருடைய கதைகளைப் படித்தவர்கள் தமிழகம் முழுதும் இருந்தனர். அவருடைய பேச்சைக் கேட்கக் கூட்டம் திரண்டது. வாக்கு மட்டும் திரளவில்லை. வாசகரும் வாக்காளரும் ஒருவரே ஆனாலும், படிக்கும்போது இருக்கும் மனம் சீட்டில் முத்திரை குத்தும்போது இருப்பதில்லை போலும்.

சுயேச்சைகளுக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1967இல் அரியானாவில் சுயேச்சையாக வென்ற கயாலால் என்னும் உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். கட்சி தாவுவோரைக் குறிக்க வடநாட்டில் இன்றும் வழங்கும் 'ஆயாராம் கயாராம்' என்னும் தொடர் அவர் பெயரிலிருந்தே பிறந்தது. பெரும்பான்மை இல்லாத அரசுகளுக்குச் சுயேச்சைகள் கடையில் கிடைக்கும் சரக்காயினர். 1985இல் கொண்டுவரப்பட்ட கட்சித்தாவல் தடைச் சட்டம் இதற்கு ஒரு முடிவு கட்டியது. சுயேச்சையாக வென்றவர் அதன்பின் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி இழப்பார். கட்சி உறுப்பினர்களுக்கேனும் கட்சிகள் இணைவது போன்ற விதிவிலக்குகள் உண்டு. சுயேச்சைக்கு அதுவும் இல்லை. தன் விருப்பத்தால் தனியே வந்தவர், ஐந்தாண்டு முடியும்வரை, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தனியராகவே இருந்தாக வேண்டும்.

இனி உரையின் நடுவிடத்துக்கு வரலாம். அது மொடக்குறிச்சி.

ஈரோட்டை அடுத்து, காவிரிக்கு மேற்கே அமைந்த ஊர் அது. கீழ்பவானித் திட்டக் கால்வாயும் பழைய காலிங்கராயன் வாய்க்காலும் பாயும் பகுதி. மஞ்சளும் நெல்லும் கரும்பும் விளையும் மண். கொங்குநாட்டு உழவர்கள் போராட்டத்துக்குப் புதியவர்கள் அல்லர். நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நடந்த கிளர்ச்சியில், 1972இல் கோவை நகரத் தெருக்களை மாட்டுவண்டிகளால் நிரப்பி நகரையே அசையவிடாமற் செய்தவர்கள். அன்று வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, தங்கள் குறைகளை எவரும் செவிமடுக்கவில்லை என்று கண்டபோது, தங்கள் பெயர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

1996ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சி என்னும் அந்த ஒரு தொகுதிக்கு மட்டும் களத்தில் நின்ற வேட்பாளர்கள் 1,033 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சுயேச்சைகள், உழவர்கள். இந்தியாவில் சட்டமன்றத் தொகுதி ஒன்றில் இத்தனை பேர் அதற்கு முன்பு நின்றதில்லை, பின்பும் நின்றதில்லை. தேர்தல் ஏறத்தாழ ஒரு மாதம் தள்ளிவைக்கப்பட்டது. வாக்குச்சீட்டு, சீட்டாக இருக்க இயலாமல் நூலாக மாறியது. வாக்காளர் ஒவ்வொருவர் கையிலும் பெயர்களும் சின்னங்களும் நிறைந்த ஒரு நூல் தரப்பட்டது. அவர் பக்கங்களைப் புரட்டி, தமக்கு வேண்டிய பெயரைத் தேடி, அதன் எதிரே முத்திரை குத்தி, நூலைப் பெட்டியில் இட்டார். அந்நூல் நுழையும் அளவுக்குப் பெரிய பெட்டிகள் வேண்டியிருந்தன.

கவிஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். ஒரு தொகுதியின் வாக்காளர் அத்தனை பேருக்கும் ஒவ்வொரு படி வீதம் அச்சிடப்பெற்ற நூல் வேறு எந்நூல்? முந்நூறு படி அச்சிட்டு, அவற்றுள் நூற்றைம்பதைப் பரணில் வைத்திருக்கும் தொகுதிகளின் ஆசிரியர்கள் இவ்வவையில் சிலர் உண்டு. அவர்கள் பெருமூச்சு விடுவதில் பிழையில்லை. அந்நூலில் கதை இல்லை, கவிதை இல்லை. பெயர்கள் மட்டுமே இருந்தன. கோரிக்கையைச் சொல்லும் ஒரு வரிகூட அதில் இல்லை. சட்டம் அதற்கு இடம் தராது. ஆயினும் அதைக் கையில் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அதன் பொருள் விளங்கியது. மனு எழுதிப் பயன் காணாதவர்கள் பெயரையே மனுவாக்கினார்கள். அரசு தன் செலவில் அச்சடித்து, அதனை வாக்காளர் ஒவ்வொருவர் கையிலும் சேர்த்தது.

முடிவு எதிர்பார்த்தபடியே அமைந்தது. தி.மு.க. வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன் பெரும் வேறுபாட்டில் வென்றார். ஏறத்தாழ எல்லாச் சுயேச்சைகளும் காப்புத்தொகையை இழந்தனர். அவர்களுள் 88 பேருக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை.

இந்த 88 என்னும் எண் அந்நாள் முதல் நகைச்சுவைத் துணுக்காகவே திரிந்து வருகிறது. தம் வாக்கையே தமக்குப் போட்டுக்கொள்ளாதவர்கள் என்று எழுதிச் சிரித்தார்கள். சிரிப்புக்கு அப்பால் அதனை நோக்கியவர் சிலரே. அவர்களுள் சிலருக்கு அத்தொகுதியில் வாக்கே இல்லாதிருந்திருக்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. சிலர் அவ்வளவு பெரிய நூலில் தம் பெயர் இருக்கும் பக்கத்தைத் தேடிக் களைத்திருக்கலாம். ஆனால் மூன்றாவது ஒரு வகையினரும் இருந்திருக்கக்கூடும். வேட்பாளராகத் தம் சொல்லைச் சொல்லி முடித்துவிட்டு, வாக்காளராக உள்ளே சென்று, தமக்கு அடுத்த ஐந்தாண்டுக்கு எந்த அரசு வேண்டும் என்று எண்ணிப் பார்த்து, வெல்லக்கூடிய ஒருவருக்கு வாக்களித்தவர்கள். அவரைப் பைத்தியக்காரர் என்று சொல்ல இயலாது. தாம் நிற்பது வெல்வதற்கன்று என்பதை அவரினும் தெளிவாக அறிந்தவர் எவருமில்லை. தமிழில் 'வாக்கு' என்பதற்குச் சொல் என்பதே முதற்பொருள். தேர்தல் பொருள் பின்னால் வந்தது. ஒரு வாக்கும் பெறாத அந்த 88 பேரும் தங்கள் வாக்கை வேட்புமனுவிலேயே கொடுத்துவிட்டார்கள்.

அரசு அதனை எவ்வாறு கேட்டது என்பதே அடுத்த செய்தி. அதே 1996ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில், ஃபுளோரைடு கலந்த நீரால் எலும்பு வளைந்து துன்புற்ற ஆந்திரத்தின் நல்கொண்டா மக்கள் தங்கள் நிலையை உலகறியச் செய்யும்பொருட்டுப் பலராக நின்றதில், அத்தொகுதியின் வேட்பாளர் தொகை 480 ஆயிற்று. கன்னட-மராட்டிய எல்லைச் சிக்கல் கனன்றுகொண்டிருந்த பெல்காமில் 456 பேர் நின்றனர். மூன்று இடங்களிலும் மக்கள் கண்டுபிடித்த வழி ஒன்றே. நெடுநாளாகப் பேசப்பட்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தம் அவ்வாண்டே விரைந்து நிறைவேறியது. சட்டமன்றத் தேர்தலுக்கான காப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. கட்சி வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சையை அத்தொகுதி வாக்காளர் பதின்மர் முன்மொழிதல் வேண்டும் என்றாயிற்று. 2010 முதல் காப்புத்தொகை மீண்டும் இருமடங்காகி 10,000 ரூபாய் ஆனது. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் எக்காலத்தும் இதில் பாதி.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பொருள் தெளிவாகும். 1,033 பேர் ஆளுக்கு 250 ரூபாய் கட்டினால் ஏறத்தாழ இரண்டரை இலட்சம். ஊர் கூடித் தண்டினால் முடியாத தொகையன்று. அடுத்த தேர்தலில் அதே 1,033 பேர் அதே போராட்டத்தை நடத்த ஐம்பத்தொரு இலட்சத்துக்கும் மேல் வேண்டும். 2010க்குப் பிறகோ ஒரு கோடியைத் தாண்டும். மொடக்குறிச்சி உழவர் கேட்டவற்றுக்கு மறுமொழி சொல்லவேண்டிய இடத்தில், கேட்பதற்கான விலை உயர்த்தப்பட்டது.

அத்திருத்தத்தில் எவர் கண்ணிலும் அதிகம் படாத மற்றொரு மாற்றமும் உண்டு. சொல்லோடு பழகுவோர் அறியவேண்டியது அது. அதற்கு முன்பு வாக்குச்சீட்டில் எல்லா வேட்பாளர் பெயர்களும் ஒரே அகர வரிசையில் அமைந்தன. அகரத்தில் தொடங்கும் பெயருடைய சுயேச்சை, மகரத்தில் தொடங்கும் பெயருடைய அமைச்சருக்கு மேலே நிற்பார். நெடுங்கணக்குக்குக் கட்சி தெரியாது. திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற கட்சியினர் ஒரு வரிசை, பதிவு மட்டும் பெற்ற கட்சியினர் அடுத்த வரிசை, மற்றவர் கடைசி வரிசை என்று மூன்று பந்திகள் போடப்பட்டன. ஒவ்வொரு பந்திக்குள்ளும்தான் அகர வரிசை. முன்பு வேட்பாளர் எவர் இறந்தாலும் தேர்தல் நின்றுபோகும் நிலை இருந்தது. இன்றைய சட்டப்படி அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளர் இறந்தால் மட்டுமே வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்படும். சுயேச்சை இறந்தால் குறித்த நாளில் தேர்தல் நடக்கும். இதற்கும் ஒரு நியாயம் உண்டு. தேர்தலை நிறுத்துவதற்காகவே சுயேச்சைகளைக் கொல்லும் கொடுமைக்கு அது வழியடைத்தது. அவர்கள் உயிரையே அது காத்தது எனலாம். ஆயினும் பந்தியிலும் கடைசி, சாவிலும் கடைசி என்னும் உண்மை அப்படியே இருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதங்களையும் கேட்டல் வேண்டும். சுயேச்சைகளுள் பலர் பெரிய கட்சிகளால் மறைவாக நிறுத்தப்படும் பொம்மைகள் என்பது பொய்யன்று. வாக்குச்சாவடியில் கூடுதல் முகவர்கள் கிடைக்கவும், எதிராளியின் சாதி வாக்கைப் பிரிக்கவும், அவருடைய பெயரையே உடைய ஒருவரைத் தேடிப்பிடித்து நிறுத்தி வாக்காளரை மயங்க வைக்கவும் இவ்வழி பயன்படுகிறது. 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் இராமநாதபுரத்தில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயருடைய வேறு சிலரும் களத்தில் இருந்தது பலர்க்கு நினைவிருக்கும். இக்குழப்பத்தைக் குறைக்கவே 2015 முதல் வேட்பாளரின் ஒளிப்படமும் அச்சிடப்படுகிறது. அவ்வாண்டே இந்தியச் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் சுயேச்சைகள் தேர்தலில் நிற்பதையே தடைசெய்யலாம் என்று பரிந்துரைத்தது. பெரும்பாலோர் பொம்மைகளாகவோ பொறுப்பற்றவர்களாகவோ இருக்கின்றனர், சீட்டு நீள்கிறது, வாக்காளர் குழம்புகிறார் என்பன அதன் காரணங்கள். அப்பரிந்துரை சட்டமாகவில்லை.

அக்காரணங்கள் உண்மையானவை, அவற்றிலிருந்து பெற்ற முடிவுதான் கோணலானது. பொம்மையை நிறுத்துவது கட்சி. தண்டனை பெறுவது சுயேச்சை. காப்புத்தொகையை எத்தனை மடங்கு உயர்த்தினாலும் பொம்மைக்கு அதனைக் கட்டப் பின்னால் ஒருவர் இருக்கிறார். உழவுக்காட்டை விட்டு வந்து நிற்பவருக்குத்தான் எவரும் இல்லை. போலி நூல்கள் மலிந்துவிட்டன என்பதற்காக, பதிப்பகம் ஏற்காத கவிஞர் எவரும் நூல் வெளியிடலாகாது என்று ஒரு விதி செய்தால் அதனை இவ்வவை எவ்வாறு ஏற்கும்? மொழியில் புதியன புகுந்தவை பெரும்பாலும் ஆசிரியர் தம் கைப்பொருளால் அச்சிட்ட நூல்களின் வழியாகவே புகுந்தன என்பதை இங்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

மேட்டூரைச் சேர்ந்த பத்மராஜன் என்பவரைப் பற்றிச் செய்தித்தாள்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகின்றன. வண்டிச் சக்கரங்களின் டயர் பழுது பார்க்கும் கடை நடத்தியவர். 1988 முதல் இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்று, அத்தனையிலும் தோற்றவர். 2011இல் தம் சொந்த ஊரான மேட்டூர்ச் சட்டமன்றத் தொகுதியில் 6,273 வாக்குகள் பெற்றதே அவர் கண்ட உச்சம். இதில் ஒரு விளையாட்டுத்தனம் இருக்கிறது என்பதும் உண்மை. மொடக்குறிச்சி உழவரின் நோவும் இதுவும் ஒன்றல்ல. ஆயினும் அந்த 6,273 பேர் யார் என்னும் வினா எழாமல் இல்லை. தோற்பதற்கென்றே நிற்பவர் என்று தெரிந்தும் அத்தனை பேர் வரிசையில் நின்று அவர் பெயரைத் தேடி எடுத்திருக்கிறார்கள். எல்லார்க்கும் எதிரான வாக்கு என்னும் பொத்தான் 2013இல்தான் வந்தது. அதற்கு முன்பு அவ்வேலையைச் செய்தவர்கள் இத்தகைய சுயேச்சைகளே.

விலை உயர்ந்த பின்பு மொடக்குறிச்சியின் வழி முற்றிலும் அடைபட்டுவிட்டதா என்றால், இல்லை. 2019ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் தெலங்கானாவின் நிசாமாபாத் தொகுதியில் 185 பேர் நின்றனர். அவர்களுள் நூற்றெழுபதுக்கும் மேற்பட்டோர் உழவர்கள். நாடாளுமன்றத்துக்கான காப்புத்தொகை அப்போது 25,000 ரூபாய். மஞ்சளுக்கும் சிவப்புச் சோளத்துக்கும் கட்டுபடியாகும் விலை வேண்டும், மஞ்சளுக்குத் தனி வாரியம் வேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகள். வழக்கமான மின்னணு எந்திரம் அத்தனை பெயர்களைத் தாங்காமையால், பன்னிரண்டு பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்து வைக்க நேர்ந்தது. அங்கிருந்த உறுப்பினர் தோற்றார். 2025 சனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிசாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பெற்றது. அந்த உழவர்களால்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்வது மிகையாகும். கட்சிகளும் பிறரும் அதற்கு உரிமை கொண்டாடினர். காப்புத்தொகையைத் திரும்பப் பெறாத உழவர்கள் வயலுக்குப் போய்விட்டார்கள்.

மஞ்சள் விளையும் மண்ணிலிருந்து தொடங்கிய பேச்சு மஞ்சள் விளையும் மண்ணுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. மொடக்குறிச்சியைப் பற்றி இன்னும் ஒரு செய்தி எஞ்சியுள்ளது.

1996இல் பெயர்களால் நிறைந்த அந்த நூலின் ஏதோ ஒரு பக்கத்தில் வாக்காளர்கள் தேடிக் கண்டுபிடித்து வெற்றிபெறச் செய்த அதே சுப்புலட்சுமி ஜெகதீசன், கால் நூற்றாண்டு கழித்து, 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அதே மொடக்குறிச்சியில் மீண்டும் நின்றார். மூன்று பந்தி முறைப்படி பெரிய கட்சிகளின் பெயர்கள் மேலே இருந்தன; சுயேச்சைகள் கீழே இருந்தனர். எண்ணி முடித்தபோது பாரதிய ஜனதாக் கட்சியின் சி. சரசுவதி வென்றிருந்தார். வேறுபாடு 281 வாக்குகள்.